பங்காளி நாடுகள்

மாஸ்கோ, 1968

பிப்ரவரி 6, செவ்வாய்

இன்று காலை பத்து மணிக்கும் பிற்பகல் இரண்டரைக்கும் இடையே, நடுவில் ஒரு தேநீர் இடைவேளையுடன், உலக வரலாறு திசை திரும்பியது. எங்கள் பதிப்பகத்தின் தமிழ்ப் பகுதி 'சகோதர' என்ற சொல்லைக் கைவிட்டது.

காரணம் மதுரையிலிருந்து வந்த ஓர் அஞ்சலட்டை. 'உங்கள் கருத்துகளை எழுதுங்கள்' என்று ஒவ்வொரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் அச்சிடுகிறோம். யாரும் எழுதுவதில்லை. இந்த வாசகர் எழுதிவிட்டார்: 'சகோதர நாடுகள், சகோதரக் கட்சிகள், சகோதர உதவி! உங்களுக்குத் தமிழில் சொல்லே கிடைக்கவில்லையா?' அட்டை ருஷ்ய மொழியில் பெயர்க்கப்பட்டு, எண்ணிடப்பட்டு, மூன்று மேசைகளைக் கடந்து, தென்னாசியப் பிரிவின் தலைவர் யெகோர் பாவ்லொவிச்சிடம் போய்ச் சேர்ந்தது. அவருக்குத் தமிழ் தெரியாது. அதனால் எந்தப் பக்கமும் சாயாமல் அவரால் கூட்டம் நடத்த முடிந்தது.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. நான் இப்போது மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் 'சோவியத் அயலுறவுக் கொள்கையின் வரலாறு' அறுநூற்று நாற்பது பக்கம். அதில் அந்தச் சொல் நானூற்றுப் பன்னிரண்டு இடங்களில் வருகிறது.

மெய்ப்புத் திருத்தும் தேவசகாயம், நாகர்கோவில்காரர், 'உடன்பிறப்பு' என்றார்.

"அந்தச் சொல்லை அங்கே யார் அதிகம் பயன்படுத்துகிறார்கள்?" என்று யெகோர் பாவ்லொவிச் கேட்டார்.

"மேடையில பேசுறவங்க" என்று தேவசகாயம் உண்மையைச் சொன்னார்.

"எந்தக் கட்சி மேடையில்?"

அதையும் சொன்னார். உடன்பிறப்பு அத்துடன் முடிந்தது.

பிறகு எங்கள் மேற்பார்வை ஆசிரியர் நீனா அர்க்காதியெவ்னா எழுந்தார். லெனின்கிராதில் தமிழ் படித்தவர்; பதினைந்து ஆண்டுகளாகத் தமிழோடு வாழ்கிறவர்; தமிழ்நாட்டைப் பார்த்ததில்லை. அகராதியை விரித்து வாசித்தார்: "பங்காளி. பங்கு கொள்பவர். ஒரே குலத்தில் தோன்றியவர். தந்தை வழி உறவினர். இதைவிடப் பொருத்தமான தனித்தமிழ்ச் சொல் உண்டோ?"

தேவசகாயம் என் காதருகே குனிந்தார். "அண்ணாச்சி, நீரு சொல்லும். நான் சொன்னா, எஞ்சொல்லு தோத்த கடுப்புல பேசுதேம்பாவ."

நான் எழுந்து, பங்காளி மிகப் பழைய சொல் என்றும், அகராதிப்படி முற்றிலும் சரி என்றும் சான்றளித்தேன். டிசம்பரில் தேவசகாயம், நான் இருவரில் ஒருவருக்குத்தான் ஒப்பந்தத்தை நீட்டிப்பார்கள் என்ற பேச்சு என் கருத்தைப் பாதிக்கவில்லை. நடவடிக்கைக் குறிப்பில் என் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அடக்கம்தான் காரணம்.

பிப்ரவரி 7

என் மனைவி வடிவு என் கோட்டின் மாட்டுநாடாவை மாற்றித் தைத்தாள். நாங்கள் வந்த முதல் குளிர்காலத்தில் நீனா சொல்லிக்கொடுத்த பாடம் இது: எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் வாசலில் கோட்டைக் கழற்றிக் கோட்டறையில் கொடுத்தாக வேண்டும், கொக்கியில் மாட்ட நாடா இல்லாத கோட்டை அங்குள்ள அம்மாள்கள் வாங்கமாட்டார்கள். அன்று அவரே உட்கார்ந்து இரண்டு கோட்டுக்கும் தைத்துக் கொடுத்தார்.

பிப்ரவரி 20

நீனாவைச் சென்னைக்கு அனுப்பப்போகிறார்கள்! டிசம்பரில் அங்கே புத்தகக் கண்காட்சி. மூவர் கொண்ட குழு. அவர் பெயர் மேலே போயிருக்கிறது. இந்தப் புத்தகம் குறையில்லாமல் வெளிவந்தால் கையெழுத்தாகிவிடும் என்று யெகோர் பாவ்லொவிச் சொன்னாராம். 'குறையில்லாமல்' என்பதை இரண்டு முறை சொன்னாராம்.

நாள் முழுதும் கேள்விகள். கொடுக்காப்புளி இனிக்குமா, துவர்க்குமா? மாலையில் கடற்கரையில் நின்றால் வெயில் முதுகில் படுமா, முகத்தில் படுமா? நடத்துநரிடம் 'தாங்கள்' என்று பேசலாமா?

பேசலாம் என்றேன்.

மார்ச் 14

ஏழாம் அத்தியாயம். யூகோஸ்லாவியா 1948 வரை பங்காளி. 1948 முதல் பங்காளி அல்ல. 1955 முதல் மீண்டும் பங்காளி. எந்த வரியில் எந்த ஆண்டு நடக்கிறது என்று விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போக வேண்டியிருக்கிறது.

வடிவு அடுப்படியிலிருந்து, "அங்க என்ன முணுமுணுத்துக்கிட்டே இருக்கிய?" என்றாள். யூகோஸ்லாவியா என்றேன். சரி, சாப்பிட வாங்க என்றாள்.

மார்ச் 29

மூலத்துக்கு மாற்றுத்தாள்கள் வந்தன. சீனா இன்று பிற்பகல் நான்கு மணியிலிருந்து பங்காளி அல்ல. அத்தியாயம் எண்பத்திரண்டு பக்கத்திலிருந்து ஒன்பது பக்கமானது. மொழிபெயர்த்து முடித்திருந்த எழுபத்து மூன்று பக்கங்களுக்காக எனக்கு ஓர் அரைநாள் விடுப்பு தரப்பட்டது.

ஏப்ரல் 11

நாஜிகளோடு ஒப்பந்தம் போட்ட 1939ஆம் ஆண்டுக்கு மூன்று பக்கம் இருந்தது. மாற்றுத்தாள் வந்தபின் ஒரு பத்தி. நான்காம் மாடியிலிருந்து ஒருவர் வந்து பழைய மூன்று பக்கங்களையும் எண்ணி வாங்கிக்கொண்டு போனார். மழை இல்லை, பனியும் உருகிக் காய்ந்துவிட்டது. இருந்தாலும் காலணிமேல் ரப்பர் உறை போட்டிருந்தார். அதனால் அவர் வருவது கேட்கவில்லை.

பெயர் சொல்லவில்லை. என் பெயரைச் சொன்னார்.

மே 23

தேவசகாயம் மறுபடி ஆரம்பித்தார். "வேய் அண்ணாச்சி, அந்த அம்மாவ அங்க கூட்டிட்டுப் போய் எல்லாருமாச் சிரிக்கவா? ஒரு வார்த்த சொல்லிரும். இல்லன்னா நான் சொல்லுவேன்."

அச்சுக்குப் போகும் முன் நானே சொல்லிவிடுகிறேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்தேன்.

ஜூன் 5

யெகோர் பாவ்லொவிச் அறைக்குக் கூப்பிட்டு, தேவசகாயம் பிப்ரவரியில் முன்மொழிந்த சொல் எந்தக் கட்சியுடையது என்று மறுபடி கேட்டார். மறந்துவிட்டாராம். கேட்டதற்குப் பதில் சொன்னேன். தேவசகாயத்துக்கு ஊரில் அந்தக் கட்சியில் உறவினர் உண்டா என்றார். ஒரு சித்தப்பா இருப்பதாக அவரே சொல்லியிருக்கிறார். அதையும் சொன்னேன்.

ஜூன் 28

தேவசகாயம் ஊருக்குப் புறப்பட்டார். ஒப்பந்தத்தை ஆறு மாதம் முன்னதாகவே முடித்துவிட்டார்கள். விமான நிலையத்துக்கு நீனாவும் நானும் போனோம். அவர் என்னிடம் விடைபெற மறந்துவிட்டார். கூட்டம் அதிகம்.

ஜூலை 30

புத்தகம் அச்சகத்துக்குப் போய்விட்டது. நீனா ஒவ்வொரு தாளிலும் கையெழுத்திட்டார். கை வலிக்கிறது என்று சிரித்தார். சென்னைக்குக் கொண்டுபோக ஒரு வெயில் தொப்பி வாங்கியிருக்கிறார். அது இப்போது அவர் வீட்டு அலமாரியில், தமிழ் நூல்களின் மேல் இருக்கிறது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

நீனா சிற்றுண்டிக்கு வந்திருந்தார். வடிவு ரவை உப்புமாவும் தக்காளிச் சட்னியும் செய்தாள். நீனா வழக்கம்போல வாசலில் நின்று, "சகோதரி வடிவு, தாங்கள் நலமா?" என்றார். வடிவு வழக்கம்போல, "நல்லாருக்கேம்மா, உள்ள வாங்க, சளி பிடிச்சிரும்" என்றாள்.

நேற்று வடிவின் தம்பியிடமிருந்து கடிதம் வந்திருந்தது. சங்கரன்கோவிலில் எங்கள் வீடு பூட்டிக் கிடக்கிறது. என் பெரியப்பா மகன் சங்கரலிங்கம் பூட்டை உடைத்து, குடும்பத்தோடு உள்ளே குடிவந்துவிட்டானாம். வடிவு அதை உப்புமாவுக்கு நடுவே சத்தமாக வாசித்தாள்.

"பாருங்கம்மா, பங்காளி வீட்டுக்குள்ள ஏறி உக்காந்துட்டாம்லா!"

நீனாவின் கை நின்றது. "பங்காளியா? நல்ல செய்தி அல்லவா? வீட்டுக்கு உறவினர் வந்திருக்கிறார்."

வடிவு அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "இந்த அம்மாவுக்கு இத்தன வருசமா என்னத்தச் சொல்லிக் குடுத்திய?"

"பங்காளி என்பவர் எப்படிப்பட்டவர், சகோதரி?"

"அவனவிட எதிரி வேற வேணுமா! வரப்பக் கரைப்பான். கெணத்துல பங்கு கேப்பான். நம்ம மாடு கன்னு போட்டா அவனுக்குக் காய்ச்சல் வரும். ஆளில்லாத நேரம் பாத்து வீட்டுக்குள்ள ஏறிட்டு, 'ஒனக்குக் காவலாத்தாம்பா வந்தேன், வெளியாள் பூந்துரக் கூடாதுல்லா'ம்பான். நாம செத்தா மட்டும் மொதல் ஆளா வந்து மொட்ட போட்டுத் தீட்டுக் காப்பான்."

நீனா பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார். 'தீட்டுக் காத்தல்' என்று எழுதினார். பழக்கம். பிறகு எழுதுவதை நிறுத்தினார்.

"நானூற்றுப் பன்னிரண்டு இடங்கள்" என்றார்.

அவர் குறிப்பேட்டை மூடினார்.

"திரு நல்லபெருமாள் அவர்களே, தாங்கள் இதை அறிந்திருந்தீர்களா?"

"அது வட்டார வழக்கு" என்றேன். "திருநெல்வேலிப் பக்கம் மட்டும்தான்."

"ஆமா," என்றாள் வடிவு, "மெட்ராஸ்ல பங்காளி மடியில வச்சுக் கொஞ்சுவான்."

நீனா உப்புமாவை முழுதும் சாப்பிட்டார். இங்கே தட்டில் மிச்சம் வைப்பது மரியாதையில்லை.

ஆகஸ்ட் 19

நீனா காலையிலேயே ஒரு குறிப்போடு வந்தார். அவர் கையெழுத்தில் தமிழில் ஒரு பத்தி, ருஷ்ய மொழியில் ஒரு பத்தி. 'பங்காளி என்னும் சொல்லை அகராதியை மட்டும் நம்பி, வழக்கில் அதன் பொருள் அறியாமல் முன்மொழிந்தேன். தவறு என்னுடையது. அச்சை நிறுத்தி, சகோதர என்றே திருத்தக் கோருகிறேன்.' தேதி, கையெழுத்து.

இப்படி எழுதினால் சென்னை போக முடியாதே என்றேன்.

"அறிவேன்" என்றார். "ஆனால் தமிழ் மக்கள் கையில் அந்தப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, அவர்கள் முன் எவ்வாறு நிற்பேன்?"

அச்சுக்குப் போன நூலை நிறுத்த மேற்பார்வை ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர் இருவர் கையெழுத்தும் வேண்டும். எனக்காகக் கீழே இடம் விட்டிருந்தார். அவர் நகல் எடுத்து வைக்கவில்லை. நாளை தருகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். நான் கையெழுத்திட்டால், தாய்மொழிக்காரனாகிய நான் பிப்ரவரியில் ஏன் பேசவில்லை என்று கேட்பார்கள். அது நியாயமான கேள்வி. யோசித்துப் பதில் தயாரிக்க வேண்டும்.

ஆகஸ்ட் 20

பேனாவில் மை தீர்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 21, புதன்

காலை வானொலி. செக்கோஸ்லோவாக்கியத் தோழர்கள் உதவி கேட்டார்களாம். படைகள் எல்லை கடந்துவிட்டன. கேட்டவர்களின் பெயர்களைச் சொல்லவில்லை. டிராமில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லோரும் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தை வாசித்தார்கள்.

அலுவலகம் போனதும் தெரிந்தது, அச்சு ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருக்கிறது. நீனாவின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. பிறகு காரணம் தெரிந்தது: புத்தகத்தில் ஒரு பக்கம் சேர்க்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் மொழிபெயர்த்துக் கொடுத்தேன். அங்கீகரிக்கப்பட்ட சொற்பட்டியலை அப்படியே பின்பற்றினேன்:

'செக்கோஸ்லோவாக்கியத் தோழர்கள் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, ஐந்து பங்காளி நாடுகள் எல்லை கடந்து உள்ளே வந்து, பங்காளிகளுக்குரிய கடமையைச் செய்தன.'

பக்கம் 561. மேற்பார்வை ஆசிரியர் கையெழுத்திட வேண்டும். ரப்பர் உறைக்காரர் மேசையருகே நின்றார். நீனா வரியை இரண்டு முறை வாசித்தார். என்னைப் பார்த்தார். கையெழுத்திட்டார்.

ஆகஸ்ட் 22

நடைக்கூடத்தில் நீனா என்னை நிறுத்தினார். "பத்தொன்பதாம் தேதிக் குறிப்பு தங்களிடம் இருக்கிறது. இன்றே கொடுத்துவிடுவோம்."

'பங்காளி நாடுகள்' என்பதைத் திருத்த வேண்டும் என்று இந்த வாரம் ஒரு காகிதம் நான்காம் மாடிக்குப் போனால் அதை எப்படி வாசிப்பார்கள் என்று அவருக்கு விளக்கினேன்.

"அது முந்தைய தேதி அல்லவா?"

"தேதியை யார் வேண்டுமானாலும் எழுதலாம்."

அவர் தலையசைத்தார். "ஆம்" என்றார். "பத்திரமாக வைத்திருங்கள். என்றாவது அதுதான் எனக்குச் சாட்சி."

ஆகஸ்ட் 25

சமையலறை மேசையின் ஒரு கால் வெகுநாளாகக் கட்டை. நல்ல கெட்டித்தாள் ஒன்றை எட்டாக மடித்து அடியில் வைத்தேன். இப்போது ஆடவில்லை. தேநீர் சிந்துவதில்லை என்று வடிவு பாராட்டினாள்.

செப்டம்பர் 30

மூவாயிரம் பிரதிகள் கப்பலேறின.

அக்டோபர் 17

ஊரிலிருந்து கடிதம். நானே கேட்டுக்கொண்டதால்தான் குடிவந்ததாகச் சங்கரலிங்கம் தெருவெல்லாம் சொல்கிறானாம். வாசலுக்குப் புதுப் பூட்டுப் போட்டிருக்கிறான். கிணற்றடியில் சுவரும் எழும்புகிறது.

"நீங்க கேட்டுக்கிட்டியளா?" என்றாள் வடிவு.

"இல்லை."

"பெறகு ஏன் அப்படிச் சொல்லுதான்?"

கடிதத்தை மடித்து வைத்தேன். மாலையில் அதற்குப் பதில் எழுதவில்லை.

நவம்பர் 12

சென்னையிலிருந்து தந்தி: மூவாயிரமும் பதினொரு நாளில் விற்றுத் தீர்ந்தன, உடனே மறுபதிப்புத் தேவை. பதிப்பகத்தில் இப்படி நடந்ததே இல்லை. அயலுறவுக் கொள்கை நூல் எந்த மொழியிலும் தீர்ந்ததில்லை, கிடங்கில்தான் தீர்ந்திருக்கிறது. யெகோர் பாவ்லொவிச் எல்லோர் முன்னிலையிலும் தமிழ்ப் பகுதிக்குப் பாராட்டுப் பத்திரம் வழங்கினார். மற்ற பகுதியினர் எங்கள் முறையைப் படிக்க வருவார்கள் என்றார். நீனாவின் பயணத்துக்குக் கையெழுத்தாகிவிட்டது. டிசம்பர் 9, விமானம்.

கைதட்டல் நடுவே நீனா மட்டும் தட்டவில்லை.

நவம்பர் 19

ஏன் விற்றது என்று தெரிந்துவிட்டது. சென்னை மாலைப் பத்திரிகை ஒன்று பக்கம் 561ஐப் படமெடுத்து முதல் பக்கத்தில் போட்டிருக்கிறது. விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் அந்த வாக்கியத்தைப் பார்த்துச் சிரிக்காத வீடு இல்லை என்று இங்குள்ள தூதரக நண்பர் சொன்னார். 'அம்பது வருச அயலுறவுக் கொள்கையை ஒரே சொல்லில் எழுதிட்டீங்களே சார்' என்றார். நான் நன்றி சொன்னேன்.

பாராட்டுப் பத்திரத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆணி இருக்கிறது.

நவம்பர் 26

விசாரணை. யெகோர் பாவ்லொவிச், ரப்பர் உறைக்காரர், சுருக்கெழுத்துப் பெண். பிப்ரவரி 6ஆம் தேதி நடவடிக்கைக் குறிப்பு மேசைமேல் விரிந்திருந்தது. 'முன்மொழிந்தவர்: நீனா அர்க்காதியெவ்னா.' வேறு பெயர் இல்லை.

ரப்பர் உறைக்காரர் மரியாதையானவர். குரல் உயரவே இல்லை. அவருக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்று: பிழையா, நோக்கமா? பிழை என்றால் கண்டிப்பு, பயணம் ரத்து. நோக்கம் என்றால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை.

நீனா சொன்னார்: "பிழை. பொருள் தெரியாமல் செய்தேன். தெரிந்த மறுநாளே, ஆகஸ்ட் 19 அன்று, திருத்தக் குறிப்பு எழுதித் தோழர் நல்லபெருமாளிடம் கொடுத்தேன்."

என் பக்கம் திரும்பினார்கள்.

"அப்படி ஒரு தாள் உங்கள் மேசையில் இருக்கிறதா?"

"என் அலுவலக மேசையில் இல்லை" என்றேன். அது உண்மை. சோதித்தும் பார்த்தார்கள்.

"நீனா அர்க்காதியெவ்னாவின் தமிழ் எப்படி? தாய்மொழிக்காரர் நீங்கள். மறைக்காமல் சொல்லுங்கள்."

இந்த இடத்தில் அவரைக் கைவிடக் கூடாது என்று தீர்மானித்தேன். "பதினைந்து ஆண்டு உழைப்பு" என்றேன். "தமிழர்களே வெட்கப்படும் தமிழ். ஒரு சொல்லைக்கூட அவர் பொருள் தெரியாமல் எழுதி நான் பார்த்ததில்லை."

"அப்படியானால் தெரியாமல் நேர்ந்திருக்க வாய்ப்பில்லை?"

"அவர் திறமையை நான் குறைத்துச் சொல்ல முடியாது."

சுருக்கெழுத்துப் பெண் எழுதினாள். நீனா என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு, அந்த அறையில் எங்கள் இருவருக்கு மட்டுமே புரியும் தமிழில் சொன்னார்: "இப்போதுதான் அந்தச் சொல் முழுதும் விளங்குகிறது."

என்ன சொன்னார் என்று கேட்டார்கள். அகராதி பற்றியது என்று மொழிபெயர்த்தேன்.

டிசம்பர் 2

என் ஒப்பந்தம் இரண்டு ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. கடும் பனி.

டிசம்பர் 9

சென்னைக் குழு இருவராகப் புறப்பட்டது. இருவரும் ஆங்கிலத்தில் பேசுவார்கள்.

டிசம்பர் 15, ஞாயிறு

மேசை மறுபடி ஆடுகிறது.

தரை துடைக்க வடிவு மேசையை நகர்த்தியிருக்கிறாள். எட்டாக மடித்த தாள் மேசைமேல் விரித்து வைக்கப்பட்டிருந்தது. மேலே உப்புக் குப்பி, பறக்காமலிருக்க. வடிவுக்கு ருஷ்யப் பத்தி தெரியாது. தமிழ்ப் பத்தி போதும்.

"இது நீனாம்மா கையெழுத்துதான?"

"ஆமாம்."

"விசாரணையில இதத்தான தேடுனாவ?"

விதிமுறைகள் சிக்கலானவை என்று ஆரம்பித்தேன். அவள் கேட்கவில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு, தாளை எடுத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்து முதல் தடவையாகத் தனியாக டிராமில் போனாள்.

இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பினாள். நீனாவின் வீட்டில் வேறு குடும்பம் இருக்கிறதாம். அலமாரிமேல் ஒரு வெயில் தொப்பி கிடந்ததாம். வேண்டுமானால் எடுத்துக்கொள் என்று சைகை காட்டினார்களாம்.

டிசம்பர் 16

வடிவு அந்தத் தாளைப் பிரிவு அலுவலகத்திலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். பெற்றுக்கொண்டு, முத்திரை குத்தி, எண்ணிட்டு, மதுரை வாசகரின் அட்டை இருந்த கோப்பில் சேர்த்தார்கள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. முடிந்த விசாரணையை மறுபடி திறக்க எந்தப் படிவமும் கிடையாது.

டிசம்பர் 20

தமிழ்ப் பகுதி கூட்டம், பத்து நிமிடம். 'சகோதர' மீண்டும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. புதிய மேற்பார்வை ஆசிரியர் வந்துவிட்டார். இதுவரை மங்கோலியப் பகுதியில் இருந்தவர். தமிழ் எழுத்துகள் அழகாக இருக்கின்றன என்றார்.

1969, ஜனவரி 22

பத்து நாளாக இருமல். மாவட்ட மருத்துவமனைக்குப் போனேன். வாசலில் கோட்டறை. என் கோட்டை நீட்டினேன். நீனா அர்க்காதியெவ்னா வாங்கினார். நீல மேலங்கி போட்டிருந்தார். கோட்டைப் புரட்டிப் பார்த்து, மாட்டுநாடா அறுந்திருக்கிறது, அடுத்த முறை தைத்துக்கொண்டு வாருங்கள் என்று ருஷ்ய மொழியில் சொன்னார். எண் பொறித்த தகட்டைக் கொடுத்தார். அடுத்தவரின் கோட்டுக்குக் கை நீட்டினார்.

மார்புச் சளிதான் என்றார் மருத்துவர்.

வீட்டுக்கு வந்து நாடாவை நானே தைத்தேன்.